வரைவும் வெட்டும்: நீர்த்தாரை வெட்டுக்குத் தமிழ் எழுத்தை ஆயத்தம் செய்தல் பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் உலோகத் தகடு வெட்டுவதைப் பற்றி எழுதுவோர் அதற்கு நியாயம் கூறக் கடமைப்பட்டவராவர். எமது நியாயம் ஒரு பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில், ஊரவர் தம் வாசிகசாலைக்குத் துருவேறா உருக்குத் தகட்டில் பெயர் வெட்டுவிக்க முனைந்தனர். வாவியின் உவர்க்காற்றில் சாதாரண இரும்புப் பலகை நெடுங்காலம் நில்லாது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். வரைவு கணினியில் தயாரிக்கப்பட்டு, தொலைவிலுள்ள பட்டறையொன்றுக்கு அனுப்பப்பட்டது. திரும்பி வந்த பலகையில் 'வாசிகசாலை' என்னும் சொல்லின் ஈற்றில் 'ல' முன்னும் ஐகாரக் குறி பின்னுமாக இடம் மாறி நின்றன. வ, ச, க ஆகிய எழுத்துகளின் வயிற்றுப்பகுதியில் இருந்திருக்க வேண்டிய உலோகம் உதிர்ந்துபோய், எழுத்துக்குப் பதில் வெறும் ஓட்டைகள் காட்சி தந்தன. கோப்பில் இருந்ததையே வெட்டினோம் என்றனர் பட்டறையினர். அது உண்மையுங்கூட. செலவு ஊரவரின் தலையில் விழுந்தது.

இத்தகைய பிழைகள் எவ்வாறு நேருகின்றன, அவற்றை வரைவு நிலையிலேயே எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நேர் நோக்கமாகும். ஆயினும் இவ்விளக்கம் தொழில்நுட்பத்தோடு மட்டும் நின்றுவிட முடியாது. வரைபவர் ஓரிடத்திலும் வெட்டுபவர் வேறோரிடத்திலும், ஒருவர் மொழியை மற்றவர் அறியாத நிலையிலும் இருக்கும்போது, அவ்விருவருக்கும் இடையில் உள்ள ஒரே தொடர்பு அந்தக் கோப்புத்தான். ஆகவே கோப்பை ஒரு பிரதியாகவே நாம் நோக்குகிறோம். பிரதிகளைப் பற்றிப் பேசுவது இலக்கிய மாணவருக்கு அந்நியமான காரியமன்று.

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். நீர்த்தாரை வெட்டு என்பது நீரை ஏறத்தாழ 4000 பார் அழுத்தத்துக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தின் சுமார் 4000 மடங்குக்கு உயர்த்தி, மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவான துவாரமொன்றினூடாக வெளியேற்றும் முறையாகும். வெளிப்படும் தாரையின் வேகம் காற்றில் ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கிலும் அதிகம். இறப்பர், கடதாசி அட்டை போன்ற மென்பொருள்களை வெட்ட நீர் மட்டும் போதும். உலோகம், கருங்கல், கண்ணாடி போன்றவற்றுக்கு நீருடன் கார்னெட் என்னும் கடினமான மணல் கலக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உள்விட்டமுடைய குழாயினூடாகச் செலுத்தப்படும். வெட்டுவது உண்மையில் மணலே. நீர் அதனைச் சுமந்து செல்கிறது. வெப்பம் உண்டாகாமையால் தகடு வளைவதோ ஓரம் கருகுவதோ இல்லை. வன்மையூட்டப்பட்ட கண்ணாடி மட்டும் இதற்கு இசையாது. தாரை பட்டதும் சிதறிவிடும்.

நார்மன் ஃபிரான்ஸ் என்னும் அமெரிக்க வனவியலாளர் 1950களில் மரத்தை நீரால் அறுக்க முயன்றதை இதன் தொடக்கமாகக் கொள்வர். மணல் கலந்த முறையை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்தவர் மொகமட் ஹஷீஷ். மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகச் சந்தைக்குக் கார்னெட் வழங்கிய இடங்களுள் தென் தமிழ்நாட்டுக் கடற்கரையும் ஒன்று. அங்கு நடைபெற்ற முறைகேடான மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடுகளைத் தொடர்ந்து 2013இல் தமிழ்நாடு அரசு கடற்கரைக் கனிம அகழ்வுக்குத் தடை விதித்தது. பளபளக்கும் பெயர்ப்பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பவர் கரையோர மீனவரை நினைத்துக்கொள்வதில்லை. பண்டத்தின் இயல்பே அதுதான்.

இனிக் கோப்புக்கு வருவோம். மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில், மிக மோசமான கட்டடக் கலைஞனையும் மிகச் சிறந்த தேனீயிலிருந்து வேறுபடுத்துவது அவன் கட்டடத்தை முன்னரே தன் மனத்தில் எழுப்பிவிடுவதே என்று கூறியது பலரும் அறிந்தது. தமிழ் மரபிலும் மனத்து வரைவுக்கும் கைவேலைக்குமான உறவு பழைய செய்தியே. நெடுநல்வாடை அரண்மனைக்கு நிலம் வகுத்தோர் நூற்கயிறு இட்டு அளந்ததைக் காட்டுகிறது. நன்னூல், தச்சனின் நூல் மரத்தின் வளைவைக் காட்டித் தீர்ப்பதுபோல் கல்வி நூல் மனத்தின் வளைவைத் தீர்க்கும் என்று ஒப்புமை கூறுகிறது. 'நூல்' என்ற ஒரு சொல் தச்சனின் கயிற்றையும் புலவனின் பனுவலையும் ஒருங்கே குறித்தமை தற்செயலன்று. இரண்டும் ஒழுங்கு காட்டும் கருவிகள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலும் இவ்விடத்து மனங்கொளத்தக்கது. இலக்கியக் குறிப்புகளிலிருந்தும் சுருதிக் கணக்கிலிருந்தும் வழக்கொழிந்த இசைக்கருவியொன்றின் உருவை மீட்க அவர் முயன்றார். பாட்டிலிருந்து வரைவும், வரைவிலிருந்து பொருளும் பெறப்படலாம் என்ற துணிபே அம்முயற்சியின் அடிப்படை.

ஆனால் தச்சனும் சுவரில் பெயரெழுதும் ஓவியரும் வரைவைத் தம்முடனேயே வைத்திருந்தனர். எழுத்து வரிக்குள் அடங்காவிடில் ஓவியர் அந்தக் கணத்திலேயே சற்றுச் சுருக்கி எழுதுவார். வரைவுக்கும் செயலுக்கும் இடையில் உள்ள சிறு குறைகளைக் கை நிரப்பிக்கொள்ளும். ஹரி பிரேவர்மன் 1974இல் எழுதிய நூலில், முதலாளித்துவ உற்பத்தியின் முக்கிய போக்கு இவ்விரண்டையும் பிரிப்பதே எனக் காட்டினார். டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட ஆய்வு இயந்திரக் கட்டுப்பாட்டின் வரலாற்றிலிருந்தே அதனை விளக்குகிறது. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் இரு வழிகள் திறந்திருந்தன. தேர்ந்த தொழிலாளி ஒருமுறை செய்து காட்டும் அசைவுகளை நாடாவில் பதிந்து மீள இயக்குவது ஒன்று. மற்றது, அசைவுகளை எண்களாகக் கணித்து அலுவலகத்திலிருந்து இயந்திரத்துக்கு ஊட்டுவது. 1952இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது இதுவே. அமெரிக்க விமானப்படையின் பணம் இரண்டாவதன் பக்கம் நின்றது. தொழிலாளியின் கையில் இருந்த அறிவு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. இன்று நீர்த்தாரை இயந்திரத்துக்கு நாம் அனுப்பும் கோப்பு அவ்வழியின் வாரிசேயாகும். கை நிரப்பிய குறைகளை இயந்திரம் நிரப்பாது. எனவே கை அறிந்திருந்தவை யாவும் கோப்பில் எழுதப்பட்டாக வேண்டும். எழுதும் பொறுப்போ, ஊதியமின்றி, பெரும்பாலும் வாடிக்கையாளரிடம் வந்து சேருகிறது.

எழுதப்பட வேண்டியவை எவை? வரைவு கோட்டுருவாக இருத்தல் வேண்டும். கைப்பேசியில் பிடித்த படமோ நிழற்படமோ புள்ளிகளின் தொகுதி. தாரைக்குத் தேவை அது செல்ல வேண்டிய பாதை. பட்டறைகள் பொதுவாகக் கேட்பது டி.எக்ஸ்.எப். என்னும் கோப்பு வகையாகும். ஓட்டோகாட் மென்பொருளுடன் 1982இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிட்டது. வரைவு உண்மையளவில் இருக்க வேண்டும். இவ்வகைக் கோப்பில் அலகு எழுதப்படாமலோ, எழுதப்பட்டும் வாசிக்கப்படாமலோ போகலாம். மில்லிமீற்றர் அங்குலமாகக் கொள்ளப்பட்டால் வரைவு 25.4 மடங்கு பெருக்கும். அது எவர் கண்ணிலும் படும் என்பதால் ஆபத்துக் குறைவு. வரைதல் மென்பொருள்கள் அங்குலத்துக்கு 72 என்றும் 96 என்றும் வெவ்வேறு கணக்கு வைத்திருப்பதால் 600 மி.மீ. பலகை 450 மி.மீ. ஆகச் சுருங்குவதே கொடிது. நான்கில் மூன்றாகச் சுருங்கிய பலகையும் பலகையாகவே தோற்றும். எனவே மொத்த நீளத்தையும் உயரத்தையும் மின்னஞ்சலில் எண்ணால் எழுதுவதோடு, கோப்பிலும் வெட்டப்படாத தனி அடுக்கொன்றில் குறித்துவைத்தல் நன்று.

பாதைகள் மூடியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியொன்று இருப்பினும் உள் எது, வெளி எது என்பதை இயந்திரத்தின் மென்பொருள் தீர்மானிக்க மாட்டாது. ஒரு கோட்டின் மீது அதே கோடு இருமுறை கிடப்பின் தாரை இருமுறை செல்லும். கட்டணமும் அவ்வாறே ஏறும். வெட்டு நீளம், தகட்டின் தடிப்பு, துளைத்துத் தொடங்கும் இடங்களின் எண்ணிக்கை என்பனவே விலையைத் தீர்மானிக்கின்றன. நிழற்படத்தைக் கணினியே கோடாக மாற்றித் தரும் வசதியை நம்புவோர் ஆயிரக்கணக்கான நுண்கோடுகளால் ஆன வளைவுகளைப் பெறுவர். அவற்றின் மீது இயந்திரம் நடுங்கி நடுங்கிச் செல்லும்.

தாரைக்கு அகலம் உண்டு என்பது அடுத்தது. வெட்டுத்தடம் ஏறத்தாழ 1 மி.மீ. அகலமுடையது. வரைபவர் இதைக் கருதித் தாமே கோட்டை உள்ளேயோ வெளியேயோ நகர்த்திவிடுவதுண்டு. அது தவறு, ஈட்டுத்திருத்தத்தை இயந்திரத்தை இயக்குபவர் செய்வார். இருவரும் செய்தால் இரு மடங்கு பிழை. வரைவு முடிந்த பொருளின் அளவையே காட்ட வேண்டும். எனினும் தாரையின் அகலம் வரைபவருக்கு இரு கட்டுப்பாடுகளை விதிக்கிறது. உட்புற மூலை எதுவும் கூர்மையாக வராது; ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் ஆரையுடன் மழுங்கியே நிற்கும். உலோகத்தில் எஞ்சவேண்டிய மெல்லிய பகுதி எதுவும் தகட்டின் தடிப்புக்குக் குறையாதிருப்பது நல்லது. மட்டக்களப்பில் பாடுமீன் உருவம் பொறிக்காத பலகை அரிது. மீனின் செதில்களை ஒற்றைக் கோடுகளாக வரைந்து அனுப்புவோர், ஒவ்வொரு கோடும் தகட்டை ஊடுருவும் பிளவாகிவிடும் என்பதையும், பிளவுகள் சந்திக்கும் இடத்தில் செதில் கழன்று விழும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலோட்டமான செதுக்கலுக்கு இக்கருவி பொதுவாக ஏற்றதன்று.

இவை எந்த மொழிக்கும் பொதுவானவை. தமிழ் எழுத்துக்கென்று சிறப்பாகச் சொல்லவேண்டியவற்றுக்கு இனி வருவோம். வெட்டு இருவகைப்படும். தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டித் தகட்டையே பலகையாகக் கொள்வது ஒன்று. அதைத் துளைவெட்டு எனலாம். எழுத்தையே துண்டாக வெட்டியெடுத்துச் சுவரிலோ பலகையிலோ பொருத்துவது மற்றது, உருவெட்டு. துளைவெட்டில், எழுத்தின் கோட்டால் சூழப்பட்ட உட்பகுதி தகட்டுடன் தொடர்பிழந்து விழுந்துவிடும். உருவெட்டில், எழுத்துடன் தொடாமல் நிற்கும் உறுப்புகள் தனித்துப் போகும். 'மட்டக்களப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எட்டு எழுத்துகள். ம ஒன்றும், க் உட்பட ககரம் இரண்டும் அடைப்புடையவை. ளகரம் எழுத்துருவைப் பொறுத்து மூடியோ திறந்தோ இருக்கும். டகர பகரங்கள் திறந்தவை, தொல்லையில்லாதவை. துளைவெட்டில் குறைந்தது மூன்று இடங்களில் உட்பகுதியைத் தகட்டுடன் இணைக்கும் சிறு பாலங்கள் வேண்டும். ட், க், ப் என்பவற்றின் மூன்று புள்ளிகளும் துளைவெட்டில் வெறும் வட்டத் துளைகள்; எளிது. உருவெட்டில் நிலைமை தலைகீழ். அடைப்பின் உட்பகுதி விழவேண்டியதே. புள்ளிகளோ எழுத்தை விட்டகன்ற மூன்று சிறு வில்லைகளாகி, வெட்டுமேசையின் சட்டங்களுக்கிடையே நீர்த்தொட்டிக்குள் விழுந்து மறையும். புள்ளியை மெல்லிய காம்பினால் எழுத்துடன் இணைத்தல் ஒரு வழி. புள்ளிகளைத் தகட்டுடன் சிறு பிடியால் நிறுத்தி வெட்டச் சொல்லிப் பின் தனியே பொருத்துதல் மற்றொரு வழி. ா, ெ, ே, ை முதலிய குறிகளுக்கும் இதுவே விதி. அவற்றின் இடைவெளியைக் காக்க முழுச்சொல்லின் வரைபடமும் பொருத்துபவரின் கையில் இருக்க வேண்டும்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் ஏட்டுச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர்; எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எகர ஏகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை அச்சுக்குக் கொணர்ந்தபோது, ஓலை சொல்லாமல் விட்டதைத் தம் மொழியறிவால் நிரப்பியே பாடம் கண்டனர். தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னாலும் அச்சினதும் தட்டச்சினதும் வசதிகள் இருந்தன. அதற்கு முந்திய, யானைத்துதிக்கை போன்ற கொம்புடைய 'லை' வெட்டுபவருக்கு ஒரே துண்டாக இருந்திருக்கும் என்று பெருமூச்சு விடுவோரும் இருக்கலாம். நாம் அவர்களுள் சேரோம். எழுதுகருவி மாறும் ஒவ்வொரு காலத்தும் எழுத்து அதனுடன் பேரம் பேசியே வந்துள்ளது. ஓலைக்கும் நீர்த்தாரைக்கும் உள்ள வேறுபாடு வாசகரில் உள்ளது. ஓலையை வாசித்தவர் தமிழர். தாரையை இயக்கும் மென்பொருள் தமிழை அறியாது. புள்ளியில்லாத மெய்யை அகரமேறியதாகவே வெட்டும்.

வாசிகசாலைப் பலகையில் ஐகாரம் இடம் மாறியதன் காரணமும் இதுவே. யூனிகோட் முறையில் 'லை' என்பது முதலில் லகரமாகவும் பின்னர் ஐகாரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. குறியை முன்னால் கொணர்ந்து காட்டுவது திரையில் காட்டும் மென்பொருளின் பணி. அப்பணியைச் செய்யாத வரைதல் மென்பொருள்கள் பல உள்ளன. 'கொ', 'கோ' முதலியனவும் அவற்றில் சிதையும். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி போன்ற எழுத்துருக்களில் வேறு சிக்கல். அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அனுப்புமுன் எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். மாற்றிய பின்னரும் ஒரு வேலை உண்டு. எழுத்துருக்கள் பலவற்றில் குறியும் எழுத்தும் ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும். படிந்த உருவங்களை ஒன்றாக இணைக்காவிடில் தாரை எழுத்தின் குறுக்கே சென்று அதனைத் துண்டாக்கும்.

இங்கு ஒரு வினா எழுவது இயல்பு. பட்டறையில் இருந்தவர் எவரும் 'ல'வுக்குப் பின்னால் ஐகாரக் குறி நிற்பதைக் காணவில்லையா? கண்டிருப்பர். அவர்களுக்கு அது கோடுகளின் கூட்டம். தமிழ் வாசிக்கத் தெரியாத தொழிலாளியைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை நாள்தோறும் வெட்ட நேர்ந்த அவரும் எம்மைப் போன்றே இந்நாட்டு மொழிக்கொள்கையின் விளைவு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் கூறியது. சட்டம் எழுதப்பட்ட அளவுக்கு ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் வாய்ப்புகள் எழவில்லை. பொதுவிடங்களின் அறிவித்தற் பலகைகளில் தமிழ் சிதைந்து நிற்பதை நாமெல்லாம் கண்டு நகைத்தும் கொதித்துமிருக்கிறோம். அவற்றையெல்லாம் பேரினவாதத்தின் வேண்டுமென்ற செயலாகக் காண்பது எளிது. சில அவ்வாறே இருக்கவுங்கூடும். ஆனால் எம் ஊரவர் தாமே பணம் கொடுத்துத் தாமே அனுப்பிய வரைவும் அதே விதமாகச் சிதைந்து வந்தது. மொழியறிந்தவர் எவரும் சரிபார்க்கும் இடத்தில் அமர்த்தப்படாத உற்பத்தி முறை, நல்லெண்ணம் உடையோரின் கையிலும் அதே பிழையைத்தான் விளைவிக்கும்.

ஆதலின் கோப்புடன் மேலும் இரண்டு பொருள்கள் செல்லவேண்டும் என்பது எமது கருத்து. பலகை எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் காட்டும் படம் ஒன்று. தமிழறியாதவரும் கோட்டுக்குக் கோடு ஒப்பிட அது உதவும். மற்றது, வெட்டத் தொடங்குமுன் பட்டறையின் திரையில் தோன்றும் பாதையின் படத்தை எமக்கு அனுப்புமாறு கேட்கும் ஒரு வரி, இயலுமாயின் சிங்களத்தில். பலரும் இவ்வரியை எழுதக் கூசுகின்றனர். ஒப்புதல் அளித்த பின் பிழை எம்முடையது. அளிக்குமுன் அது இன்னும் எவருடையதும் அன்று. தகட்டின் வகையையும் தடிப்பையும் எழுத மறத்தல் கூடாது. கடலை அண்டிய எழுவான்கரையில் நிறுத்தப்படும் பலகையாயின், துருவேறா உருக்கிலும் உவர்க்காற்றுக்குக் கூடுதலாக ஈடுகொடுக்கும் 316 என்னும் வகையைக் கேட்கலாம், விலை அதிகம். வரைவின் மூலக் கோப்பை வாடிக்கையாளர் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். வரைவதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தியும் கோப்பைப் பெறாதவர், அடுத்த பலகைக்கு அதே வாயிலில் மீண்டும் நிற்க நேரிடும்.

கணினி எதுவும் வேண்டாத சோதனை ஒன்றும் உண்டு. வரைவை உண்மையளவில் கடதாசியில் அச்சிட்டு, கோடுகளின் வழியே கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தல். கடதாசியிலிருந்து எது விழுகிறதோ அது தகட்டிலிருந்தும் விழும். எந்தப் பாலம் கையில் தொய்கிறதோ அது உருக்கிலும் மெலிந்ததே. இரண்டாம் முறை பலகை செய்விக்க ஊரவர் காசு சேர்த்தபோது, வாசிகசாலையின் மேசையில் பிள்ளைகள் இதனைச் செய்தனர். முதல் வெட்டில் வகரத்தின் வயிறு நிலத்தில் விழுந்தது. ஒரு சிறுமி அதை எடுத்து ஒட்டுநாடாவால் பொருத்தி, நாடா ஒட்டிய இடத்தில் பென்சிலால் இரு கோடுகள் இழுத்தாள். பாலம் எங்கே வரவேண்டும் என்பது அவ்வாறுதான் தீர்மானிக்கப்பட்டது. சகரங்களுக்கும் ககரத்துக்கும் அதே உயரத்தில், தகட்டின் தடிப்புக்குச் சமமாக 3 மி.மீ. அகலத்தில் பாலங்கள் வரையப்பட்டன. எழுத்துகள் கோடுகளாக மாற்றப்பட்டு, படிவுகள் இணைக்கப்பட்டு, கோப்பு அதே பட்டறைக்குச் சென்றது. இம்முறை அங்கிருந்து முதலில் வந்தது பலகையன்று. 'லை'யைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, இது சரிதானா என்று கேட்ட ஒரு படம்.